பெருக்கக் கூடாத வாரம்

திங்கட்கிழமை காலை தேநீர்க் கோப்பையோடு கதவைத் திறந்த இங்கர், வாசலின் கோடியில், நாணல் தட்டிக் கதவை ஒட்டி, யாரோ பெருக்கியிருப்பதைப் பார்த்தாள். பெரிய விஷயமில்லை. தட்டியிலிருந்து உள்ளே பத்தடி நீளத்துக்கு, ஓர் ஆள் கைவீச்சு அகலத்துக்கு, மாஞ்சருகும் ஆட்டுப் புழுக்கையும் சோளத் தோலும் ஒதுங்கி, சிவந்த மண் பிறை பிறையாகச் சீவிவிடப்பட்டிருந்தது. மழையைக் கண்டு ஆறு மாதமான அந்த அக்டோபர் வெயில் காலத்தில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அங்கிருந்து ஆற்றுச் சேற்றின் வாடை லேசாக எழுந்து வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாய் குடிக்காமல் கோப்பையை இறக்கினாள்.

ஏனென்றால் அந்த வாரம் சிக்வெம்பா ஊரில் யாரும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது. ஊரில் சாவு விழுந்திருந்தது. செத்தவர்கள் தங்கள் காலடித் தடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வீடு திரும்பி, சொல்லிக்கொண்டு போவார்கள் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் சாவு விழுந்ததற்கு அடுத்த வாரச் சனிக்கிழமைவரை குப்பை குப்பையாகவே கிடக்கும். சனிக்கிழமை ஊரே சாவு வீட்டில் கூடி ஒன்றாகப் பெருக்கும். அதோடு துக்கம் முடிந்தது. டென்மார்க்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்து மூன்று வருஷமான இங்கருக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டுச் சாவுகளை இந்த ஊரில் அவள் பார்த்தாயிற்று.

கோப்பையைப் படியில் வைத்துவிட்டுக் கிட்டே போனாள். இந்த ஊர் விளக்குமாற்றுக்குக் காம்பு கிடையாது; ஒரு பிடி புல்லைக் கட்டியதுதான். இடுப்பை மடித்துக் குனிந்து, தன் காலடி விழாமலிருக்கப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே பெருக்க வேண்டும். பிறைகளின் வளைந்த முதுகு தட்டிப் பக்கம் இருந்தது. அப்படியானால் பெருக்கியவர் தட்டியைப் பார்த்து நின்றிருக்கிறார். தட்டியைப் பார்த்தபடி, வீட்டை நோக்கிப் பின்னால் நகர்ந்து வந்திருக்கிறார். கடைசிப் பிறை முடிந்த இடத்தில் அவர் நின்ற காலடி இருக்க வேண்டும், விலகிப் போன காலடி இருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

யாரோ பிள்ளைகளின் வேலை என்று சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூட மணி அடித்தது.

செத்தது எனிஃபா, ஏழாம் வகுப்பு. பதின்மூன்று வயது. மூன்று பேர் உட்காரும் பலகையில் ஜன்னலோரம் உட்காருபவள். இடது கால் சற்று உள்பக்கம் வளைந்தது. நடந்தால் ஒரு பாதம் நேராகவும் ஒரு பாதம் கோணலாகவும் பதியும். நாலு மைல் நடந்து வருவதால் வாரத்தில் இரண்டு நாளாவது தாமதம். தாமதமாக வரும் பிள்ளைகளை வாத்தியார் வீட்டு வேலை செய்யச் சொல்வது அந்தப் பள்ளியில் எல்லோரும் செய்வதுதான். முதல் வருஷம் இங்கர் அதைக் கண்டு முகம் சுளித்தாள். இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷம் வசதியாகவே இருந்தது.

போன வியாழக்கிழமை பள்ளியடிக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. சாயங்காலம் எனிஃபா வந்து வாசலைப் பெருக்கி முடித்தாள். இங்கருக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும்போல இருந்தது.

"ஆத்துல ஒரு வாளி எடுத்துட்டு வந்துடு."

எனிஃபா, பெரியவர்களிடம் பேசும் முறைப்படி மண்டியிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். "மேடம், துறையில முள்வேலி சரிஞ்சு போச்சு. பசங்கள அங்க அனுப்பக் கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்காரு."

"ஊரே போய் எடுக்குது. முதலை உனக்குன்னு காத்துக்கிட்டு இருக்கா? ஒரே ஒரு வாளி, எனிஃபா."

பெண் சிரித்தாள். மேடம் சொன்ன வேடிக்கைக்கு மரியாதையாக ஒரு சிரிப்பு. வாளியை எடுத்துக்கொண்டு, தானே பெருக்கிய மண்ணின்மேல் ஒரு பாதம் நேராக, ஒரு பாதம் கோணலாக நடந்து போனாள்.

அரை மணி நேரத்தில் ஆற்றுப் பக்கம் பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது.

இங்கர் வாசலுக்கு ஓடி வந்தாள். ஆற்றுக்கு ஓடவில்லை. படியிலிருந்து தட்டிவரை, சுத்தமான மண்ணில், அச்சடித்ததுபோல அந்தக் காலடிகள். யார் பார்த்தாலும் தெரியும்: இந்தப் பெண் இந்த வீட்டிலிருந்துதான் வாளியோடு ஆற்றுக்குப் போயிருக்கிறாள். இங்கர் விளக்குமாற்றை எடுத்தாள். தட்டியிலிருந்து படிவரை பின்னால் நகர்ந்து நகர்ந்து பெருக்கினாள். ஒரு வீச்சுகூடத் தவறவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போயிட்டா" என்று விசாரணையில் சொன்னாள். உடல் கிடைக்கவில்லை. பள்ளிச் சீருடையைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பள்ளிக் காவலாளி பிஸிவெக், ஆற்றுப் பாதையின் முனையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், அன்று மூக்குப்பொடி வாங்கப் போயிருந்தார். பழி அவர்மேல் போய் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பிறைகள் பாதி வாசலைத் தாண்டியிருந்தன.

அன்று வகுப்பில் தொண்ணூறு பிள்ளைகளும் அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்கள். வணக்கம் சொன்னார்கள். உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்தார்கள். ஜன்னலோரப் பலகையில் இரண்டு பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஈரம் திட்டாகத் தேங்கியிருந்தது. இங்கர் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று கரும்பலகையில் எழுதினாள். சுண்ணக்கட்டி கீச்சிடும் ஒவ்வொரு முறையும் அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதுபோல இருந்தது. புல் மண்ணில் உரசும் சத்தம். எழுதுவதை நிறுத்தினால் அதுவும் நின்றது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது தட்டிக்கு வெளியே எனிஃபாவின் அம்மா நாபிரி நின்றிருந்தாள். மொட்டையடித்த தலையில் கறுப்புத் துணி. உள்ளே வரவில்லை. பெருக்கிய மண்ணில் கால் படாமல் ஒதுங்கி நின்றாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க" என்றாள் இங்கர்.

"யாரு மேடம் பெருக்கினது?"

"நான்தான். மறந்துட்டேன். தப்புதான்."

நாபிரி குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து மோந்து பார்த்தாள். "உங்க குழாய்த் தண்ணி இப்பிடி நாறாதே."

இங்கர் தட்டிக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"எங்க வீட்டு வாசல்லேர்ந்து பள்ளிக்கூடம்வரைக்கும் என் பொண்ணு காலடி கிடக்குது. நாலு மைலும் குனிஞ்சு பாத்துக்கிட்டே வந்தேன். அந்தக் கோணக் காலு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துலேர்ந்து இந்தத் தட்டிவரைக்கும் கிடக்குது. அப்புறம் துறையில, சேத்துல கிடக்குது. நடுவுலதான் இல்ல. அன்னிக்கு இந்த ஊர்லயே உங்க வாசல் மட்டும் எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு பொம்பளைங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க."

"அவ தினமும் பெருக்குவாம்மா. அன்னிக்கும் பெருக்கிட்டுத்தான் போனா." விசாரணையில் சொன்னதற்கு மாறாக வாய் தவறிவிட்டது.

"பெருக்கிட்டு எப்பிடிப் போனா? பறந்தா?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் எனிஃபாவின் மாமன்மார் இரவுக்குள் வந்துவிடுவார்கள். அப்படி வராவிட்டாலும் காவல் நிலையம், விசாரணை, ஊருக்குத் திரும்பினாலும் போகாத பேர். வெள்ளிக்கிழமை நகரத்திலிருந்து ஜீப் வருகிறது, அவளுக்கு ஒரு மாத விடுப்பு. மூன்று நாள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றாள்.

நாபிரி கையிலிருந்த மண்ணை உதறினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. "வழி அறுந்து போச்சு. வீட்டுக்கு வர வழி தெரியாம இந்த வாசலுக்கும் ஆத்துக்கும் நடுவுல நிக்கிறா என் பொண்ணு. சொல்லிக்கிட்டுப் போறதுக்கு இனிமே என்கிட்ட வர மாட்டா." திரும்பி நடந்தவள் நின்றாள். "நான் உங்களை ஒண்ணும் கேக்கல மேடம். கேக்க வேண்டியவ கேப்பா. நல்லாக் கேக்கட்டும்."

அன்று மாலை இங்கர் தன் விளக்குமாற்றை அடுப்பில் வைத்து எரித்தாள்.

புதன்கிழமை விடியலில் சத்தம் அவளை எழுப்பியது. சரக். நிறுத்தம். சரக். கிழக்கு வெளுக்கும் நேரம், கோழி கூவவில்லை, ஜன்னல் கம்பிக்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சத்தம் வாசலில், மெல்ல, அவசரமே இல்லாமல், நன்றாகப் பழகிய கையின் சீரான வீச்சில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் ஈரத்துணி சொட்டும் சத்தம். இங்கர் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். முப்பத்தொன்று. சத்தம் படியடியில் நின்றது. கதவைத் திறந்து பார்க்கும் தைரியம் சூரியன் மாமரத்துக்கு மேலே வந்த பிறகுதான் வந்தது. படிவரை பெருக்கியாகியிருந்தது.

பள்ளியில் ஹெட்மாஸ்டர் மலெம்பா அவளைத் தேடி வந்தார். நல்ல மனுஷன். கோபத்தில்கூடக் குரலை உயர்த்தாதவர்.

"சனிக்கிழமை பெருக்குறதுக்கு எல்லா டீச்சரும் வரணும் மேடம். ஆளுக்கொரு விளக்குமாறு."

"நான் வெள்ளிக்கிழமையே கிளம்பறேனே, சார்."

"ஒரு நாள் தள்ளிப் போங்களேன். உங்க வகுப்புப் பொண்ணு. நீங்க இல்லன்னா நல்லா இருக்காது. அப்புறம் விஷயம் தெரியுமா? பிஸிவெக்கை நேத்து அவ மாமன்மாருங்க புடிச்சுட்டாங்க. வலது கை ரெண்டு இடத்துல ஒடிஞ்சிருக்கு. எல்லையத் தாண்டி ஓடிட்டாராம், இந்த வயசுல."

"பாவம்" என்றாள் இங்கர்.

"அவர் ஒரு தடவை உங்க பேரைச் சொன்னாரு. மூக்குப்பொடி வாங்கப் போறப்போ பாத்தாராம், உங்க வீட்டுக்குத்தான் பொண்ணு போச்சுன்னு. அடி தாங்காம உளர்றாருன்னு நான்தான் அவங்களை அடக்கினேன்." அவர் அவள் முகத்தையே பார்த்தார். "உளறல்தானே மேடம்?"

"ஆமா, சார்."

அந்த 'ஆமா' வாயிலிருந்து விழுந்ததும் முதுகுப் பக்கம் யாரோ நெருங்கி வந்து நின்றதுபோல இருந்தது. திரும்பினாள். கரும்பலகைதான் இருந்தது.

வியாழக்கிழமை பிறைகள் வீட்டுக்குள் இருந்தன.

வெளிக்கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மெழுகிட்டுத் துடைத்த சிவப்புச் சிமெண்டுத் தரையில் எங்கிருந்தோ வந்த நைஸான ஆற்று மணல் பரவியிருந்தது. அந்த மணலில் பிறைகள். கதவடியில் தொடங்கி, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, படுக்கையறை வாசலில் முடிந்தன. எல்லாவற்றின் முதுகும் வெளிக்கதவைப் பார்த்திருந்தது. வந்தது பின்பக்கமாகவே வந்திருக்கிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், எங்கே போக வேண்டுமென்று தெரிந்து.

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு அன்று முழுவதும் பெட்டியை அடுக்கினாள். அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஊரில் எத்தனை வாத்தியார்கள் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்புகிறார்கள்! நானா முதலையை வளர்த்தேன்? யாரிடமோ வாதாடுவதுபோலச் சத்தமாகவே சொன்னாள். வீடு கேட்டுக்கொண்டிருந்தது. இருட்டியதும் படுக்கையறைக் கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தி வைத்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை கண் விழித்தபோது நல்ல வெயில். அலமாரி நகரவில்லை. கட்டிலைச் சுற்றி நான்கு பக்கமும் பிறைகள். அவற்றின் முதுகு இப்போது சுவர்களைப் பார்த்திருந்தது.

சுவரைப் பார்த்துப் பெருக்கியிருக்கிறது. பின்னால் நகர்ந்து நகர்ந்து. கடைசியில் அது நின்றிருக்கக்கூடிய இடம் ஒன்றுதான் பாக்கி.

விரிப்பின் மறுபாதி நனைந்திருந்தது. சின்ன உடம்பு ஒன்று ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு. சேற்று வாடை. அவளுடைய இரவு உடையின் முன்பக்கம் உலர்ந்திருந்தது. முதுகு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

உடை மாற்றினாள். முதுகு மறுபடி நனைந்தது. இன்னொன்று மாற்றினாள். அதுவும் நனைந்தது. வியர்வை என்று நினைக்கப் பார்த்தாள். வியர்வை இவ்வளவு குளிராக இருக்காது.

உச்சிப் பொழுதுக்குப் பள்ளி மைதானத்தில் ஜீப் வந்து ஒலி எழுப்பியது. இங்கர் பெட்டியைக்கூட எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை. கதவைத் திறந்து, படியிறங்கி, வாசலில் கால் வைத்தாள்.

சரக்.

அவள் குதிகாலுக்குப் பின்னால்.

இன்னொரு அடி வைத்தாள். சரக். தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். யாருமில்லை. தான் நடந்து வந்த மண்ணைப் பார்த்தாள். காலடியே இல்லை. படியிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை பிறை பிறையாகச் சுத்தமாக இருந்தது. அவள் இந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததற்கு மண்ணில் ஓர் அடையாளமும் இல்லை.

சட்டென்று உடம்பை முழுசாகத் திருப்பினாள். முதுகோடு ஒட்டியிருந்தது கூடவே திரும்பியது.

அப்போதுதான் புரிந்தது. முதுகுக்கு முதுகு. குனிந்து, அவளுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, அவள் முன்னால் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது பின்னால் ஓர் அடி வைக்கிறது. அவள் தடத்தை அழித்துக்கொண்டே வருகிறது. சின்ன முதுகு. முதுகெலும்பின் முடிச்சுகள் துணிக்கு மேலாகவே உறுத்தின. காலடியில் ஒடுங்கிக் கிடந்த அவளுடைய நிழல் ஓர் ஆளின் நிழல்போல இல்லை.

தட்டியைத் தாண்டினாள். வலது பக்கம் போனால் மைதானம். வலது பக்கம் காலை எடுத்து வைத்தாள். ஈர முதுகு அழுத்தியது. கால் இடது பக்கம் போனது. நிற்கப் பார்த்தாள். அழுத்தியது. நடந்தாள்.

"சார்!" என்று கத்தினாள். மலெம்பா தூரத்தில் ஜீப் ஓட்டுநரோடு அவள் வீட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டிக்குள் போய், வாசல் மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம் இன்னும் வெளியவே வரல போல" என்று சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் கதவைத் தட்டத் தொடங்கினார்.

சரக். சரக்.

ஆற்றுப் பாதையோரப் புளியமரத்தடியில் பெண்கள் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாபிரி. இவர்கள் பார்த்தார்கள். எல்லோருமே பார்த்தார்கள். அவள் முகத்தை இல்லை, அவள் முதுகுக்குப் பின்னால்.

"நான்தான் அனுப்பினேன்!" இங்கர் அலறினாள். "அம்மா, நான்தான் தண்ணிக்கு அனுப்பினேன். நான்தான் காலடியை அழிச்சேன். சொல்லிட்டேன். விடச் சொல்லுங்க!"

"தெரியும் மேடம்" என்றாள் நாபிரி. "செவ்வாக்கிழமை சொல்லியிருந்தா பிஸிவெக் கை பொழைச்சிருக்கும். என் பொண்ணு எங்கிட்ட வந்து படுத்திருப்பா."

"மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்க..."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? கூட வர்றவகிட்ட சொல்லுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அவள் திரும்பிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். அதற்கடுத்தவள். ஒருத்தி பாக்கியில்லாமல் பத்துப் பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

சரிவு. நாணல். துறை.

சரிந்த முள்வேலி. பழுப்புத் தண்ணீர். வெயில். ஒரு கொக்குகூட இல்லை.

சேறு விரல்களுக்கு நடுவில் பிதுங்கியது. கணுக்கால்வரை தண்ணீர். முழங்கால்வரை.

சத்தம் நின்றது.

இனிப் பெருக்க மண் இல்லை. முதுகிலிருந்து அந்த முதுகு மெல்லப் பிரிந்தது. வெயில் பட்டு அந்த இடம் சுட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், விட்டுவிட்டது என்று இங்கர் நினைத்தாள்.

தண்ணீர் சலசலத்தது. ஒரு கால் நேராக. ஒரு கால் கோணலாக.

பின்னால் நின்றது திரும்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக, அவளைப் பார்க்க.